தமிழ் நாளிதழ் ஒன்று நாளைக்கு விலைபோனால், நிறுத்திக் கேட்க யார் இருக்கிறார்கள்?

#1 காவிரிக்கரை

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி, இங்கே வைக்கிறேன். தமிழில் பெரிய அளவில் விற்கும் நாளிதழ்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றில் இரண்டு ஒரே முதலாளியிடம் போகின்றன என்று வையுங்கள். ‘இதனால் வாசகருக்கு நட்டமா?’ என்று பார்த்து, தேவைப்பட்டால் அந்த விற்பனையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் இந்தியாவில் எந்த அமைப்புக்கு இருக்கிறது?

எதற்கும் இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். 2011 ஜூன் முதல் பெரிய நிறுவன இணைப்புகள் அதன் அனுமதியோடுதான் நடக்கின்றன. ஆனால் வாங்கப்படும் நிறுவனத்தின் சொத்து 450 கோடி ரூபாய்க்குள் இருந்தாலோ, ஆண்டு விற்றுமுதல் 1,250 கோடிக்குள் இருந்தாலோ ஆணையத்தின் வாசலுக்கே போக வேண்டாம். 2024 மார்ச்சில் உயர்த்திய வரம்பு இது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து, வாங்கும் விலை 2,000 கோடியைத் தாண்டினால் அனுமதி வேண்டும் என்று இன்னொரு கதவையும் வைத்தார்கள். மாநில மொழி நாளிதழ் ஒன்று கைமாறும்போது இந்த எண்களைத் தொடுவது அபூர்வம். சிமெண்ட் ஆலைக்கும் செய்தித்தாளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் செய்தித்தாள் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.

தப்பித்தவறி ஆணையத்திடம் போனாலும் அது பார்ப்பது சந்தையை. 2024 ஆகஸ்டில் ரிலையன்ஸ், டிஸ்னி இரண்டின் தொலைக்காட்சித் தொழில் இணைவதற்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 70,352 கோடி ரூபாய் மதிப்பு. விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே வீட்டுக்குள் வந்தன. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது கிரிக்கெட் ஒளிபரப்பில் விளம்பர விலை ஏறுமா என்பதுதான். அதுவும் தேவையான கேள்வியே. ஆனால் மொழிவாரியாகப் பார்வையாளருக்கு எத்தனை கதவுகள் மிஞ்சும் என்பது தனிக் கேள்வி.

என்டிடிவி கதை இன்னும் தெளிவான உதாரணம். 2009-10இல் விஷ்வபிரதான் என்ற ஒரு நிறுவனம், என்டிடிவி நிறுவனர்களின் ஆர்ஆர்பிஆர் நிறுவனத்துக்கு 403 கோடி ரூபாய்க்கு மேல் கடன் கொடுத்தது. அந்தக் கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதன் கையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விஷ்வபிரதானையே வாங்கி அந்த உரிமையைப் பயன்படுத்தியது. என்டிடிவியின் 29.18 சதவீதம் அப்படிக் கைக்கு வந்தது. பிறகு பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, விற்க விரும்பினால் உங்கள் பங்கை வாங்கிக்கொள்கிறோம் என்று பொதுப் பங்குதாரர்களுக்குத் திறந்த அழைப்பு விட்டார்கள். டிசம்பர் முடிவதற்குள் 64 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. இத்தனை படிகளிலும் சட்டம் காவல் காத்தது பங்குதாரரின் விலையை. ஒரு செய்தி நிறுவனம் கைமாறுகிறதே என்று பார்க்கும் படி எதுவும் கிடையாது.

பத்திரிகைகளுக்கென்றே 2023இல் புதுச் சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2024 மார்ச் 1 முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர்ப் பதிவு, அபராதம், ஆண்டறிக்கை எல்லாம் இருக்கிறது. ஒருவர் எத்தனை பத்திரிகை வைத்திருக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் நிலைப்பாடு இதுதான். செய்தி நிறுவனம் எவ்வளவு சிறியதானாலும், அது கைமாறும்போது மொழிவாரியாக, வட்டாரவாரியாக ஒரு பொதுநலச் சோதனை வேண்டும். அதை அமைச்சகம் செய்யக் கூடாது, தனி அமைப்பு செய்ய வேண்டும். நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

#2 கைபேசிக்காரன்

காவிரி அண்ணா, இன்னும் யார் பேப்பர் படிக்கிறார்கள்? என் வயதுக்காரர்கள் எல்லோரும் யூடியூப்தான். ஆளாளுக்கு ஒரு சேனல் நடத்தும் காலத்தில் பத்திரிகை முதலாளி ஒருவரா நால்வரா என்பதில் என்ன இருக்கிறது?

#3 காவிரிக்கரை

தம்பி, உங்கள் யூடியூப் சேனலில் காலையில் ஒருவர் உட்கார்ந்து அலசுகிறாரே, அவர் கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். அன்றைய பேப்பர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆள் அனுப்பிச் செய்தி எடுத்து வர இன்னும் நாளிதழ்களிடம்தான் ஆள் இருக்கிறது. மேலே எத்தனை குழாய் வைத்தாலும் கீழே கிணறு எத்தனை என்று பார்க்க வேண்டாமா?

#4 வழக்காடி

நல்ல இழை. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் யோசிக்கவே இல்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சுதந்திர இந்தியா இதைத்தான் முதலில் யோசித்தது.

1952இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் முதல் பத்திரிகை ஆணையம் அமைந்தது, 1954இல் அறிக்கை கொடுத்தது. பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் அதன் பிள்ளைதான். அது சொன்ன இன்னொன்று விலை-பக்க அட்டவணை. இத்தனை பக்கத்துக்கு இன்ன விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று விதி. காரணம் எளிது. பணம் உள்ள பத்திரிகை பன்னிரண்டு பக்கத்தை அடிமாட்டு விலைக்குப் போட்டால், ஆறு பக்கம் போடும் சின்னப் பத்திரிகை செத்துப்போகும். 1956இல் சட்டமும், 1960இல் ஆணையும் வந்தன.

புனேயின் ‘சகாள்’ என்ற மராத்தி நாளிதழ் வழக்குப் போட்டது. விலையை ஏற்றினால் விற்பனை குறையும், பக்கத்தைக் குறைத்தால் எழுதுவது குறையும், இரண்டுமே கருத்துரிமையைத் தொடுகின்றன என்று உச்ச நீதிமன்றம் 1961 செப்டம்பரில் சட்டத்தை ரத்து செய்தது. வணிகத்துக்குப் பொதுநலன் கருதிக் கட்டுப்பாடு போடலாம். பேச்சுரிமைக்கு அரசியல் சாசனம் எண்ணிச் சொன்ன காரணங்களுக்காக மட்டும்தான் போடலாம், அந்தப் பட்டியலில் ‘ஏகபோகத்தைத் தடுப்பது’ கிடையாது.

அடுத்து 1972. காகிதத் தட்டுப்பாட்டைக் காட்டி, எந்த நாளிதழும் 10 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஒன்றுக்கு மேல் பத்திரிகை வைத்திருக்கும் நிறுவனம் புதுப் பத்திரிகையோ புதுப் பதிப்போ தொடங்கக் கூடாது என்று மத்திய அரசு கொள்கை கொண்டுவந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் வழக்கில் அதையும் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனால் நீதிபதி கே.கே. மேத்யூ மட்டும் மாறுபட்டு எழுதினார். பத்திரிகைச் சுதந்திரம் என்பது அச்சு இயந்திரம் வைத்திருப்பவருக்கு மட்டுமான சொத்து ஆகாது, பல குரல்கள் மக்களைச் சென்றடைவதும் அதில் அடக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பின்னாளில் இரண்டாவது பத்திரிகை ஆணையத்துக்கு அவரே தலைவரானார். 1982 அறிக்கையில், பத்திரிகை நடத்துபவரை மற்ற தொழில்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அது அப்படியே கிடப்பில் போனது.

ஆக, காவிரி கேட்கும் சோதனை நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தையும் விலையையும் விற்பனையையும் தொடாமல், உடைமை கைமாறும் அந்தக் கட்டத்தை மட்டும் தொட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

#5 அதிகாலை ஏஜென்ட்

சட்டம் எனக்குத் தெரியாது. நான் தாலுகா ஊரில் பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேப்பர்கள் ஒரே நிர்வாகத்துக்குப் போயின. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டு வண்டி ஒரு வண்டி ஆனது. அது தப்பில்லை, டீசல் மிச்சம். அப்புறம் இரண்டு நிருபர் ஒருவர் ஆனார். விடிகாலையில் கட்டைப் பிரித்து இணைப்பு சொருகும்போது உள்ளூர்ப் பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். நகராட்சிக் கூட்டச் செய்தி இரண்டிலும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. கவுன்சிலர் ஒருவரின் இன்ஷியல் தப்பாக இருந்தது, அந்தத் தப்பும் இரண்டிலும் அப்படியே இருந்தது.

முன்பு நடந்தது வேறு. குப்பை அள்ளும் டெண்டரில் தகராறு என்றால் ஒரு பேப்பர் தலைவர் பக்கம் போடும், இன்னொன்று எதிர்ப் பக்கம் போடும். டீக்கடையில் இரண்டையும் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். உண்மை நடுவில் எங்கேயாவது கிடைக்கும். இப்போது ஒரே செய்தி, சண்டையும் இல்லை.

என் பிழைப்புக்கும் இதில் அடி. இரண்டு வாங்கிய வீடுகள், கடைகள் எல்லாம் ‘எது வாங்கினாலும் ஒண்ணுதானே’ என்று ஒன்றை நிறுத்திவிட்டன. விற்காமல் மிஞ்சும் பேப்பரை ரிட்டர்ன் எடுப்பதையும் குறைத்துவிட்டார்கள். கமிஷன் பேச முன்பு இரண்டு ஆபீஸ் இருந்தது, ஒன்று தராவிட்டால் மற்றதைப் பெரிதாகத் தள்ளிவிடலாம். இப்போது ஒரே ஆபீஸ், அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

#6 பழைய டெஸ்க்

ஏஜென்ட் சொல்வது அத்தனையும் நடக்கக் கூடியது. செய்தி அறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ஆனாலும் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாளிதழின் அடக்க விலை வாசகர் கொடுக்கும் காசைவிட அதிகம். மிச்சத்தை விளம்பரம் தாங்குகிறது. அந்த விளம்பரம் கைபேசிக்குப் போய்விட்டது. 2019 பட்ஜெட்டில் அச்சுக் காகிதத்துக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள், கூச்சல் எழுந்ததும் அடுத்த ஆண்டு 5 ஆக்கினார்கள். பிறகு கொரோனா, அதன்பின் உக்ரைன் போரால் காகித விலை ஏற்றம். நடுத்தரப் பத்திரிகை முதலாளி ஒருவர் ‘என்னால் முடியவில்லை, விற்கிறேன்’ என்றால் வாங்கும் சக்தி யாருக்கு இருக்கும்? ஏற்கெனவே அச்சகமும் வண்டியும் ஏஜென்டுகளும் வைத்திருக்கும் இன்னொரு பத்திரிகைக் குழுமத்துக்குத்தான். அதைத் தடுத்தால் அந்தப் பத்திரிகை மூடப்படும். அப்போது மிஞ்சுவது எத்தனை குரல்?

கைமாறுவதால் நல்லதும் நடந்திருக்கிறது. சென்னைக்கான ஆங்கிலச் செய்திச் சேனலாக என்டிடிவி-இந்து என்று ஒன்று இருந்தது. 2012இல் தினத்தந்தி குழுமம் வாங்கி அதைத் தந்தி டிவி ஆக்கியது. தமிழில் ஒரு முழுநேரச் செய்திச் சேனல் கூடுதலாகக் கிடைத்தது. ‘பத்திரிகைக்காரர் டிவி வாங்கக் கூடாது’ என்று அன்று விதி இருந்திருந்தால்?

இன்னொன்று. கழுத்துக் கயிறு உடைமையில் மட்டும் இல்லை, அரசு விளம்பரத்திலும் இருக்கிறது. பத்து பத்திரிகைக்குப் பத்து முதலாளி இருந்தாலும் பத்துப் பேரும் அதே செய்தித் துறை அலுவலகத்தின் விளம்பர பில்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள். மறுநாள் டெண்டர் விளம்பரம் வர வேண்டுமென்று முந்தின இரவு ஒரு செய்தியைத் தூக்கி உள்பக்கத்தில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் அது தெரியாது.

#7 கொழும்பு வாசகன்

இந்தக் கதையில் எங்கள் நாட்டுப் பாடத்தையும் சேர்க்க வேணும். பத்திரிகை உடைமையைப் பரவலாக்குகிறோம் என்று சொல்லி ஒரு அரசாங்கம் என்ன செய்தது என்பதற்கு லேக் ஹவுஸ் சாட்சி.

லேக் ஹவுஸ் என்று அழைக்கப்படும் அசோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் ஒப் சிலோன் நிறுவனம் டி.ஆர். விஜேவர்தன தொடங்கியது. டெய்லி நியூஸ், தினமின, தமிழில் 1932 முதல் தினகரன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஒரு குடும்பத்தின் கையில் இவ்வளவு பலம் இருக்கலாமா என்ற கேள்வி அங்கே நெடுநாள் இருந்தது, அந்தக் கேள்வி நியாயமானதுதான். 1973இல் சிறிமாவோ அரசாங்கம் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து 75 சதவீதப் பங்குகளை எடுத்தது. இடைக்காலத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும், பிறகு சனத்துக்குப் பிரித்து விற்கப்படும், ஒருவர் கையில் சிறு பங்குக்கு மேல் சேர விடமாட்டோம் என்று சொன்னார்கள்.

அந்த ‘பிறகு’ 50 வருடம் கடந்தும் வரவில்லை. ஆட்சி மாறினால் தலைவர் மாறுவார், பணிப்பாளர் சபை மாறும், தலையங்கமும் மாறும். எடுத்த கட்சி மட்டும் இல்லை, எதிர்க்கட்சியாய் இருந்து அதைக் கண்டித்த கட்சியும் ஆட்சிக்கு வந்ததும் பங்கை விடவில்லை. ஆகவே உடைமையை அரசாங்கம் ஒழுங்குபடுத்தலாம் என்று எழுதும்போது, எடுக்கிற பங்கு யாரிடம் போகும், எத்தனை மாதத்துக்குள் போகும் என்று சட்டத்திலேயே எழுத வேணும். இல்லாவிட்டால் ஒரு முதலாளிக்குப் பதில் இன்னொரு முதலாளி, அவரிடம் பொலிசும் இருக்கும்.

#8 வழக்காடி

கொழும்பு நண்பருக்கு நன்றி. இந்தியாவிலும் அதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். நெருக்கடி நிலையில் பிடிஐ, யுஎன்ஐ, ஹிந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்ற நான்கு செய்தி நிறுவனங்களையும் 1976இல் ‘சமாச்சார்’ என்று ஒன்றாக்கினார்கள். இந்திய ஊடக வரலாற்றில் ஆகக் கெட்ட இணைப்பை எந்த முதலாளியும் செய்யவில்லை, அரசே செய்தது. நாட்டின் எந்த மூலையில் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் ஒரே ஊற்றிலிருந்து வந்த செய்தி. 1978இல்தான் நான்கும் மறுபடி பிரிந்தன.

#9 காவிரிக்கரை

கொழும்பு வாசகன், வழக்காடி இருவரும் சொன்னதால்தான் ‘அமைச்சகம் செய்யக் கூடாது’ என்று முதல் பதிவிலேயே எழுதினேன். இதற்கு வடிவம் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் ஒரு முறை, 2014 ஆகஸ்டில் விரிவாக ஒரு முறை, ஊடக உடைமை பற்றிப் பரிந்துரை கொடுத்தது. 2022 ஏப்ரலில் மறுபடி கருத்துக் கேட்பு அறிக்கை விட்டது. 2014 பரிந்துரையை நான் ஊன்றிப் படித்தேன். எனக்குப் பிடித்த அம்சங்கள்:

சந்தையை இந்தியா முழுக்க என்று பார்க்கவில்லை. மொழி, அந்த மொழி பெரும்பான்மையாகப் பேசப்படும் மாநிலம் என்று பிரித்துப் பார்க்கிறது. இது மிக முக்கியம். டெல்லியிலிருந்து பார்த்தால் நாட்டில் ஆயிரக்கணக்கில் பத்திரிகை, கவலை என்ன என்று தோன்றும். திருவாரூரில் இருப்பவருக்குத் தமிழ் நாளிதழ் எத்தனை என்பதுதான் கணக்கு.

பங்கு வைத்திருப்பதை மட்டும் கட்டுப்பாடு என்று எண்ணவில்லை, கடன் வழியாக வரும் பிடியையும் எண்ணச் சொல்கிறது. இது 2014இல் எழுதியது. என்டிடிவி கைமாறியது 2022இல். பரிந்துரையை அன்றே ஏற்றிருந்தால் அந்தக் கடன் எட்டு ஆண்டுக்கு முன்பே வெளிச்சத்துக்கு வந்து கேள்வி கேட்கப்பட்டிருக்கும்.

அச்சுக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறை அமைப்பு, அதில் ஊடகத்துக்கு வெளியே உள்ளவர்கள் பெரும்பான்மை என்றும் சொல்கிறது.

#10 கைபேசிக்காரன்

அண்ணா, அதில் ஏதோ 1000 புள்ளி விதி என்று இருக்கிறதாமே? படித்தேன், தலை சுற்றியது. எளிதாகச் சொல்ல முடியுமா?

#11 காவிரிக்கரை

சொல்கிறேன். ஒரு சந்தையில் ஒவ்வொருவரின் சதவீதப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கற்பனையாக நான்கு நாளிதழ்கள்: 40, 30, 20, 10 சதவீதம். பெருக்கினால் 1600, 900, 400, 100. கூட்டினால் 3000. பத்துப் பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 100, மொத்தமே 1000தான். ஒருவரே எல்லாம் என்றால் 10,000. கூட்டுத்தொகை ஏற ஏற, சந்தை சில கைகளில் சுருங்குகிறது என்று பொருள்.

டிராய் சொன்னது இது. ஒரே குழுமத்தின் பங்கைப் பெருக்கி வரும் எண் மட்டும் நாளிதழ்ச் சந்தையிலும் 1000க்கு மேல், டிவி செய்திச் சந்தையிலும் 1000க்கு மேல் இருக்கக் கூடாது. 1000 என்றால் சுமார் 32 சதவீதப் பங்கு. மேலே சொன்ன உதாரணத்தில் 40 சதவீதக்காரர் வரம்பைத் தாண்டுகிறார், 30 சதவீதக்காரர் தாண்டவில்லை. ஒன்றில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தப்பில்லை, இரண்டிலும் பெரியவராக இருப்பதுதான் தடை.

பழைய டெஸ்க் கேட்ட தந்தி டிவி கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாளிதழில் முன்னணியில் உள்ள குழுமம், சின்னச் சேனல் ஒன்றை வாங்கினால் டிவி பக்கத்தில் அதன் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருக்கும். விதி அதைத் தொடாது. புதிதாக நுழைபவரை விட்டுவிட்டு, இரு பக்கமும் ஆக்கிரமிப்பவரைப் பிடிக்கும் கணக்கு இது.

#12 மதுரைவீதி

நான் ஒன்று கேட்கலாமா? தமிழ்நாட்டில் ஊடக உடைமை என்று பேசிவிட்டு கட்சிகளைப் பற்றிப் பேசாமல் போகிறோமே. ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி என்று கட்சியின் முகத்தோடே வந்தவை எத்தனை. 2005இல் இங்குள்ள தினகரன் நாளிதழ் (கொழும்பு நண்பர் சொன்ன தினகரன் வேறு) சன் குழுமத்துக்குப் போனது, அதே குடும்பத்திடம் சேனல்களும் கேபிள் வலைப்பின்னலும் ஏற்கெனவே இருந்தன. 2007இல் மாநில அரசே அரசு கேபிள் நிறுவனம் தொடங்கியது. சேனல் ஒருவரிடம், அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிளும் அவரிடமே என்றால், ஆகாதவர் சேனலை 90ஆம் எண்ணுக்குத் தள்ளிவிட்டால் போதும், தடை செய்யவே வேண்டாம். பெட்டியைத் திறந்து எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

#13 பழைய டெஸ்க்

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அரசியல் கட்சிகள், மத அமைப்புகள், மத்திய மாநில அரசுத் துறைகள் ஒளிபரப்பில் நுழையக் கூடாது என்றும் டிராய் சொல்லித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இந்த ஊரில் கட்சிப் பத்திரிகைக்கு நீண்ட மரபு உண்டு. விடுதலை, முரசொலி, தீக்கதிர், ஜனசக்தி எல்லாம் கட்சியோ இயக்கமோ நடத்தியவைதான். முகப்பிலேயே யார் என்று தெரிந்துவிடும், வாசகர் ஏமாற மாட்டார். எனக்கு அச்சம், கட்சிக்காரர் என்று தெரியாமல் நாலு கம்பெனி தள்ளி நின்று நடத்துபவரிடம்தான்.

#14 தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். பொதுநலச் சோதனை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு லண்டனில் பழைய கதை ஒன்று உண்டு.

1981இல் டைம்ஸ், சண்டே டைம்ஸ் இரண்டையும் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் வாங்கினார். அவரிடம் ஏற்கெனவே த சன், நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகைகள் இருந்தன. சட்டப்படி இது ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்குப் போயிருக்க வேண்டும். பத்திரிகை நட்டத்தில் இருக்கிறது, அவசரம் என்ற விதிவிலக்கைக் காட்டி வணிக அமைச்சர் ஜான் பிஃபன் அனுப்பாமலே அனுமதித்தார். அதற்குச் சில வாரம் முன்பு, ஜனவரி 4 அன்று, பிரதமர் தாட்சருடன் மர்டாக், பிரதமருக்கான செக்கர்ஸ் ஓய்வு இல்லத்தில் மதிய உணவு சாப்பிட்டார் என்பது 2012இல் தாட்சரின் ஆவணங்கள் வெளியானபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆசிரியர் சுதந்திரத்துக்கு உறுதிமொழிகள் வாங்கியிருந்தார்கள். டைம்ஸ் ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸ் ஒரே ஆண்டில் வெளியேற நேர்ந்தது.

இப்போதுள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்தியின் துல்லியம், கருத்துச் சுதந்திரம், பத்திரிகைகளில் பல பார்வைகள் என்று காரணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். 2023இல் அபுதாபிப் பணத்தோடு ஒரு நிறுவனம் டெலிகிராஃப் நாளிதழை வாங்க வந்தபோது அமைச்சர் அந்தச் சட்டத்தின்கீழ் தலையிட்டார். 2024இல் வெளிநாட்டு அரசுகள் பிரிட்டிஷ் நாளிதழைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. 2025இல் 15 சதவீதம் வரை, நிர்வாகத்தில் தலையிடாத பங்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் இன்றைக்கும் கடைசிக் கையெழுத்து அமைச்சருடையதுதான். அது எனக்கு உறுத்துகிறது.

பழைய டெஸ்க் ஐயா சொன்ன ‘விற்காவிட்டால் மூடிவிடும்’ வாதம்தான் 1981இலும் சொல்லப்பட்டது. சண்டே டைம்ஸின் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று அன்றே பலர் எதிர்த்தார்கள்.

#15 காவிரிக்கரை

இதனால்தான் நட்ட விதிவிலக்கைச் சும்மா எழுதிவிடக் கூடாது என்கிறேன். நொடிக்கும் பத்திரிகையை இன்னொரு குழுமம் வாங்கட்டும், ஆனால் முதலில் கணக்கைத் தனித் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டும். அதே விலைக்கு, செய்தித் தொழிலில் இல்லாத வேறு ஒருவரோ, ஊழியர் கூட்டுறவோ வாங்க முன்வருகிறதா என்று குறிப்பிட்ட காலம் அறிவித்துக் காத்திருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் தாராளமாக விற்கலாம், மாவட்டச் செய்திப் பிரிவைத் தனியாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஏஜென்ட் சொன்ன ஒரே இன்ஷியல் பிழை இரண்டு பேப்பரில் வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

அரசு விளம்பரம் பற்றிப் பழைய டெஸ்க் சொன்னது உண்மை, அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். ஆனால் பத்து முதலாளிகளும் விளம்பர பில்லுக்குப் பயந்தாலும் ஒன்பது பேர் பயந்து ஒருவர் துணிகிற நாள் வரும். முதலாளியே ஒருவர்தான் என்றால் அந்த நாளும் இல்லை.

#16 பழைய டெஸ்க்

இந்த நிபந்தனையோடு என்றால் நான் எதிர்க்க மாட்டேன். காத்திருக்கும் காலம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பத்திரிகை விற்பனைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போக ஆரம்பிப்பார்கள். ஆறு மாதம் ஆனால் வாங்குபவருக்கு மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான்.

#17 அதிகாலை ஏஜென்ட்

இத்தனைக்கும் முதலில் யார் ஓனர் என்று தெரிய வேண்டுமே? எனக்கே சில பேப்பரின் உண்மையான ஓனர் யார் என்று தெரியாது. டெபாசிட் கட்டுவது ஒரு கம்பெனி பெயரில், பில் வருவது இன்னொரு கம்பெனி பெயரில்.

#18 வழக்காடி

நல்ல இடம். பழைய சட்டத்தின்கீழ் 1956 விதிகளில் ‘படிவம் 4, விதி 8’ என்று ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்ததும் ஒவ்வொரு பத்திரிகையும் தன் பக்கத்திலேயே அச்சிட வேண்டியிருந்தது: வெளியாகும் இடம், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர்கள், மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர், முகவரி. மார்ச் முதல் வாரப் பழைய பேப்பர்களில் சின்ன எழுத்தில் ஒரு கட்டமாகப் பார்த்திருப்பீர்கள். அருமையான விதி. ஆனால் பங்குதாரர் இடத்தில் இன்னொரு கம்பெனியின் பெயர் இருந்தால் சட்டத்தின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அந்தக் கம்பெனி யாருடையது, அதற்குக் கடன் கொடுத்தது யார் என்று படிவம் கேட்கவில்லை. என்டிடிவியில் நடந்தது இரண்டாவது மூன்றாவது அடுக்கில்தான். அப்படியொரு படிவத்தில் கடைசி மனிதர் வரை கேட்டு, கடன் பத்திரத்தையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம், விதியே போதும்.

இன்னும் ஒன்று, யாரும் கவனிக்காதது. 1978ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மன்றத்தின் வேலைகளை எண்ணிச் சொல்லும் இடத்தில், பத்திரிகைகள், செய்தி நிறுவனங்களின் உடைமை ஒரே இடத்தில் குவிவது பத்திரிகையின் சுதந்திரத்தைப் பாதிக்குமா என்று கவனிப்பதும் இருக்கிறது. கடமை எழுதப்பட்டிருக்கிறது, தடுக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. போட்டிச் சட்டத்தின் 21ஏ பிரிவுப்படி, போட்டி ஆணையம் தன்முன் உள்ள விவகாரத்தில் வேறொரு சட்டபூர்வ அமைப்பின் கருத்தைக் கேட்கலாம். இரண்டையும் கோத்தால், செய்தி நிறுவன இணைப்பு வரும்போது பத்திரிகை மன்றத்தின் கருத்தை ஆணையம் கேட்க வேண்டும் என்று இன்றைய சட்டத்திலேயே வாதிடலாம்.

#19 பழைய டெஸ்க்

மன்றத்திலும் முதலாளிகள் உட்கார்ந்திருக்கிறார்களே ஐயா?

#20 வழக்காடி

தலைவரைத் தவிர 28 பேர். அதில் உரிமையாளர், நிர்வாகப் பிரிவுக்கு 6 இடம். பெரிய, நடுத்தர, சிறிய பத்திரிகைகளுக்கு இரண்டிரண்டு. ஆசிரியர்களும் உழைக்கும் பத்திரிகையாளர்களும் 13. பெரிய முதலாளி பெரும்பான்மை ஆக முடியாத அமைப்பு. கருத்துச் சொல்லும் வேலைக்கு இது போதும்.

#21 காவிரிக்கரை

அப்படியானால் கேட்க வேண்டியது மூன்று. 450 கோடி, 1,250 கோடி என்ற அந்த வரம்பிலிருந்து செய்தி நிறுவனங்களை மட்டும் விலக்குவது. அதுவும் மத்திய அரசின் விதியில் இருப்பதுதான், நாடாளுமன்றம் போக வேண்டாம். பத்திரிகை மன்றத்தின் கருத்தைப் போட்டி ஆணையம் கட்டாயம் கேட்பது. உடைமைப் படிவத்தில் கடைசி மனிதர் வரை பெயர் போடுவது. வழக்காடி ஐயா, இதை மனுவாக எழுதித் தர முடியுமா? நிறுவன விவகார அமைச்சகத்துக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் நான் அனுப்புகிறேன். கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்கள் தனிமடலில் சொல்லுங்கள்.

#22 வழக்காடி

எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: 1000 புள்ளி விதியை இதில் சேர்க்காதீர்கள். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், பங்கை எப்படி அளப்பது என்பதிலேயே ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள். ஏஜென்ட் அண்ணன், அந்த இரண்டு பேப்பரின் ஒரே நாள் உள்ளூர்ப் பக்கங்கள் கிடைத்தால் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், இணைப்பாக வைக்கலாம்.

#23 அதிகாலை ஏஜென்ட்

பழைய கட்டில் இருக்கும், தேடுகிறேன். நகராட்சிக் கூட்டம் நடந்த மறுநாள் பேப்பர்தானே வேண்டும்?

#24 வழக்காடி

ஆமாம், அதுவேதான். முடிந்தால் இணைவதற்கு முந்தைய ஒரு கூட்டத்தின் பக்கங்களும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.